அப்படி ஒரு பிள்ளை இங்கே இல்லை

சிதம்பரம்
3.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜெனிட்டா எழுதுவது. நானும் குழந்தையும் சுகம். உங்கள் முழங்கால் வீக்கம் இறங்கியதா? இதை உங்களுக்கு வாசித்துக் காட்டும் பாத்திமா மேரி அக்காவையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் "சுகமோ பிள்ளை, சரி வை" என்று முடித்துவிடுகிறீர்கள். பிரசவத்துக்குப் பிறகு எனக்குத் தூக்கமே இல்லை. ஆஸ்பத்திரியில் இளமதி என்று ஓர் அம்மா இருக்கிறார். மனசு சரியில்லாதவர்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் அவர் வேலை. என் வீட்டுக்காரர்தான் அவரிடம் கூட்டிக்கொண்டு போனார். "எனக்கு முகாமுக்கு முன்னால் ஒன்றுமே நினைவில்லை, கடல் தாண்டி வந்ததுகூட" என்று சொன்னேன். "அப்பாவுக்கு லெட்டர் போடுங்க. அவரு சொல்லச் சொல்ல யாராச்சும் எழுதட்டும். எழுதறப்ப மனுஷன் அவசரப்பட மாட்டாரு" என்றார் அவர்.

நாம் எப்படி வந்தோம் என்று சொல்லுங்கள் அப்பா. அத்தைக்கு இந்தக் கடிதமெல்லாம் வேடிக்கை. "கூப்புடு தூரத்துல இருக்கிற அப்பனுக்குக் கடுதாசியாம்!" என்கிறார்.

குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. மருந்து நேரம் தவறாமல் சாப்பிடவும்.

அன்பு மகள்,
ஜெனிட்டா

*

கடலூர் மறுவாழ்வு முகாம்
12.11.2024

அன்பு மகளுக்கு, அப்பா சூசைமாணிக்கம் சொல்லி எழுதுவிப்பது. மாதாவின் கிருபையால் நான் சுகம். கால் வீக்கம் முக்கால்வாசி இறங்கிவிட்டது. மணவாளன் டீக்கடை வரை நடக்கிறேன். நீயும் மருமகனும் குழந்தையும் நலமாயிருக்க மன்றாடுகிறேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது. அதனால்தானோ என்னவோ ஒன்றும் மறப்பதில்லை. கேட்டுக்கொள். 2006, ஆனி மாதம், ஒரு வியாழக்கிழமை. மன்னார்க் கரையில் வள்ளம் ஏறினோம். நீலம் அடித்த வள்ளம். முன்பக்கம் மஞ்சள் கோடு. வள்ளக்காரனுக்கு இடது கையில் இரண்டு விரல் இல்லை. உன் அம்மா ராசம்மாள் ஏழு ரொட்டி சுட்டு, தேங்காய்ச் சம்பலோடு துணியில் கட்டியிருந்தாள். சம்பலில் உப்பு கூட. நீ சிவப்புப் பூப்போட்ட சட்டை போட்டிருந்தாய். கழுத்துப் பொத்தான் ஒன்று போய், அதில் ஊசி குத்தியிருந்தது. வழியெல்லாம் என் மடியில் கிடந்தாய்.

பிறகு இந்தியா வந்து சேர்ந்தோம். மண்டபம் முகாமில் பெயர் பதிந்தார்கள். அவ்வளவுதான்.

தாய்க்காரி தலையில் ஈரத்தோடு இருக்கக்கூடாது. சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கம்.

உன் அப்பா
(கைநாட்டு)

*

சிதம்பரம்
20.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் சுகம் என்று அறிந்து சந்தோஷம். நான் சுகம் என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

இளமதி அம்மாவிடம் மட்டும் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். மதியம் பன்னிரண்டரை ஒரு மணிக்கு எங்கள் தெரு ஓய்ந்துவிடும். அந்த நேரத்தில் ஒரு பெண் கூப்பிட்டுக்கொண்டே போகிறாள். ஏதோ ஒரு பெயர். கேட்கும்போது நன்றாகக் கேட்கிறது. கேட்டு முடித்ததும் மனசில் நிற்பதில்லை. என் பெயர் இல்லை என்று மட்டும் தெரிகிறது. ஆனாலும் என் வாயிலிருந்து "ஓம்" என்று பதில் வருகிறது. இங்கே வந்த புதிதில் நான் அப்படிச் சொன்னால், "என்னாடி, மந்திரம் சொல்ற?" என்று அத்தை கேலி செய்வார். ஆமாம் என்று பழகி மூன்று வருடமாகிறது. இப்போது எங்கிருந்து வருகிறதோ.

சொன்ன உடனே என் கை என் வாயைப் பொத்துகிறது. நான் பொத்துவதில்லை அப்பா. கை தானாகப் போகிறது.

போன வாரம் குரல் வந்த நேரத்தில் குழந்தை அழுதது. நான் திரும்பிப் பார்த்தபோது என் கை குழந்தையின் வாய்மேல் இருந்தது. அத்தை ஓடிவந்து தட்டிவிட்டார். "அடிப்பாவி, பெத்த புள்ளையாடி அது!" என்று கத்தினார். பிள்ளையின் கன்னத்தில் என் விரல் பதிந்திருந்தது.

எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த நாட்களில் என்னவோ நடந்திருக்கிறது. சொல்லுங்கள்.

ஜெனிட்டா

*

கடலூர்
14.12.2024

அன்பு மகளுக்கு ஆசீர்வாதம். புயல் மழையில் முகாமுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. பாயும் பெட்டியும் கட்டில்மேல் ஏற்றிவைத்து நாலு நாள் அதன்மேலேயே இருந்தோம். அதனால்தான் பதில் தாமதம். உங்கள் பக்கம் வெள்ளம் எப்படி?

பிள்ளைபெற்ற உடம்புக்குப் பல சத்தம் கேட்கும். பழைய டவுன் மாதா கோயிலில் உனக்காகப் பூசைக்குக் கொடுத்திருக்கிறேன். மதியத்தில் கதவைச் சாத்திவை. ரேடியோவைச் சத்தமாக வை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தக் குரல் இளம் குரலா, வயதான குரலா? போய்க்கொண்டே கூப்பிடுகிறதா, உன் வாசலில் நின்று கூப்பிடுகிறதா?

குழந்தையைக் கேட்டதாகச் சொல்.

அப்பா
(கைநாட்டு)

பாத்திமா மேரி எழுதுவது: தங்கச்சி, மழை நின்று பத்து நாளாகிறது. உன் கடிதத்தில் கை வாயைப் பொத்தும் இடம் வந்ததும் மாமா எழுந்து வெளியே போய்விட்டார். மறுநாள் வந்து அந்த இடத்தை மட்டும் மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

*

சிதம்பரம்
22.12.2024

மதிப்புக்குரிய மாமாவுக்கு மருமகன் இளவரசு வணக்கம். உங்கள் உடம்பு நலமா? எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. லோடு ஆட்டோவை ஆஸ்பத்திரி வாசலில் போட்டுவிட்டு அதில் உட்கார்ந்து எழுதுகிறேன். தப்பு இருந்தால் மன்னிக்கவும்.

ஜெனிட்டாவை வார்டில் சேர்த்து நாலு நாள் ஆகிறது. உள்ளே போன் கொடுக்க மாட்டார்கள். குழந்தையை அம்மா திட்டக்குடிக்கு, என் அக்கா இளவரசி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் வேண்டாம் என்றதற்கு, "புள்ள உசுரோட இருக்கணுமா வேணாமா, நீயே சொல்லுடா" என்று கேட்டார்கள்.

உங்கள் கடிதத்தை அவளிடம் வாசித்தேன். "அப்பா ஏன் குரல் எப்படி இருக்குன்னு கேக்கறாரு? குரலே கெடையாதுன்னு ஏன் சொல்லல?" என்று கேட்டாள். இளம் குரல்தானாம். முன்பெல்லாம் தெருவோடு போகுமாம். இப்போது வாசலில் நிற்கிறதாம்.

டாக்டரும் இளமதி மேடமும் குணமாகும் என்கிறார்கள். ஆனால் உங்களைப் பார்த்தால் இன்னும் சீக்கிரம் குணமாகும் என்று எனக்குத் தோன்றுகிறது. பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். வாங்க மாமா.

இளவரசு

*

கடலூர்
2.1.2025

மருமகனுக்கும் மகளுக்கும் புதுவருட வாழ்த்தும் ஆசீர்வாதமும். எனக்கு இங்கே சுகம்.

வரத்தான் நினைத்தேன். முகாமில் செக்கிங் என்கிறார்கள். பெயர் கூப்பிடும்போது ஆள் நேரில் நின்று பதில் சொல்ல வேண்டும். முடிந்ததும் வருகிறேன். மகளைப் பயப்படாமல் இருக்கச் சொல்லவும். டாக்டர் கொடுப்பதை விழுங்கச் சொல்லவும்.

அப்பா
(கைநாட்டு)

பாத்திமா மேரி எழுதுவது: தம்பி, செக்கிங் போன வாரமே முடிந்துவிட்டது. மாமா அன்றைக்கே பஸ் ஏறினார். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். "அங்கையும் மதியம்தான் பிள்ளை" என்றார்.

*

சிதம்பரம்
25.1.2025

அப்பாவுக்கு,

வீட்டுக்கு வந்து இரண்டு வாரமாகிறது. மாத்திரை சாப்பிடுகிறேன். தூங்குகிறேன். கை முன்போல் வேகமாகப் போவதில்லை. குரல் மட்டும் வருகிறது. "அது பைத்தியம் இல்லம்மா. ஒங்க ஒடம்புக்கு எதுவோ ஞாபகம் இருக்குது, ஒங்களுக்கு அது தெரியல" என்கிறார் இளமதி அம்மா. என் பிள்ளை இன்னும் திட்டக்குடியில்தான் இருக்கிறது. வீடியோவில் என்னைப் பார்த்தால் யாரோ போல முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பால் கட்டி, வற்றியும் போய்விட்டது.

அம்மா சாகும்முன் என்னிடம் கொடுத்த தகரப் பெட்டியை நேற்றுத் திறந்தேன். "நீ இந்தியா வரேக்க போட்டிருந்த சட்டை" என்று அம்மா சொல்லிக் கொடுத்த சட்டை அதில் இருக்கிறது. அது மஞ்சள் சட்டை. பூ இல்லை. பொத்தானும் ஊசியும் இல்லை, முடிச்சுப்போடும் நாடாதான்.

நீங்கள் சிவப்பு என்றீர்கள். வள்ளக்காரனுக்கு எத்தனை விரல் என்று நினைவு வைத்திருக்கிறவர் நீங்கள். நீங்கள் மறக்கிறவர் இல்லை.

நாம் கிளம்பியதைச் சொன்னீர்கள். பதிந்ததைச் சொன்னீர்கள். நடுவில் என்ன அப்பா? எனக்கு என் பிள்ளை திரும்ப வேண்டும். அது உங்கள் வாயில்தான் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

ஜெனிட்டா

*

கடலூர்
9.3.2025

மகளே,

ஆறு கிழமையாக, வாரம் தவறாமல், பாத்திமா மேரி தாளும் பேனாவுமாக வந்து வந்து திரும்பிப் போகிறாள். இன்றைக்கு அழக்கூடாது என்று சத்தியம் வாங்கி அவளை உட்கார வைத்திருக்கிறேன். சுகம் விசாரிக்க எனக்குத் தகுதியில்லை. நேரே சொல்லிவிடுகிறேன்.

வள்ளக்காரன் இந்தியா என்று சொல்லி எங்களை இறக்கியது ஒரு மணல் திட்டில். விடிந்த பிறகுதான் நாலு பக்கமும் கடல் என்று தெரிந்தது. பதினெட்டுப் பேர். மரம் இல்லை, நிழல் இல்லை. இரண்டு போத்தல் தண்ணீர். எங்கள் ஜெனிட்டாவுக்குப் புறப்படும்போதே காய்ச்சல். நடுப்பகலில் அவள் போய்விட்டாள். சிவப்புப் பூப்போட்ட சட்டையோடு அவளை மணலில் புதைத்தேன். உடைந்த துடுப்பு ஒன்றை மேலே நட்டேன்.

நீ அந்தத் திட்டில் இருந்த இன்னொரு பிள்ளை. அதே வயது. மஞ்சள் சட்டை. உன் தாய் தனியாள்; முந்தின மாதம் புருசனைப் பறிகொடுத்தவள். அவள் பெயரை நான் கேட்கவில்லை. உன்னை அவள் கூப்பிட்ட பெயர் பவானி. அவள் எத்தனை தரம் கூப்பிட்டாலும் நீ "ஓம்" என்பாய். அவளுக்கு அது விளையாட்டு, தாகத்தை மறக்க.

பிற்பகல் ஒரு மீன்பிடி வள்ளம் வந்தது. ஏழு பேருக்குத்தான் இடம். முதலில் பிள்ளைகளும் நோயாளிகளும் என்றார்கள். ராசம்மாள் மயங்கிக் கிடந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். உன் தாய் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து உன்னை என் கையில் தந்தாள். "இவளைக் கொண்டு போங்கோ அண்ணை. நான் அடுத்த வள்ளத்தில வாறன்" என்றாள்.

மண்டபத்தில் வரிசை. எங்கள் குடும்ப அட்டையில் மூன்று பெயர். எழுதுகிறவர் வாசித்துவிட்டு, "மூணு பேரும் வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். மூன்று தலை இருந்தது. நான் "ஓம்" என்றேன். அட்டையில் இல்லாத பிள்ளை என்றால் பிரித்து எங்கேயாவது அனுப்பிவிடுவார்கள் என்று பயம். தாய் வந்ததும் சொல்லித் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்படித்தான் நீ ஜெனிட்டா ஆனாய்.

பதினேழாம் நாள் அவள் வந்தாள். அவளை வேறு கரையில் இறக்கி விசாரித்துக்கொண்டிருந்தார்களாம். பதிவில் பவானி என்று ஒரு பிள்ளையும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். எப்படி இருக்கும்? அவள் நம்பாமல் வரிசை வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். நல்ல மதியம். நீ ராசம்மாளின் மடியில் இருந்தாய். அந்தப் பதினேழு நாளும் ராசம்மாள் உன்னைக் கீழே விடவில்லை. குரல் கேட்டதும் நீ "ஓம்" என்றாய். ராசம்மாள் உன் வாயைப் பொத்தினாள்.

நான் வாசலை மறைத்து நின்றேன். திட்டில் வெயிலுக்குத் துண்டால் முகத்தை மூடியிருந்தேன். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "நாலு வயசுப் பிள்ளை அண்ணை, மஞ்சள் சட்டை" என்றாள். "அப்பிடி ஒரு பிள்ளை இஞ்ச இல்லை" என்றேன். அவள் போகாமல் நின்றாள். "குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாறீங்களோ" என்று கேட்டாள். கொடுத்தேன்.

அடுத்த மாதம் நானே கேட்டு இந்தக் கடலூருக்கு மாற்றிக்கொண்டு வந்தேன். பிறகு ஒருவர் சொல்லிக் கேள்விப்பட்டேன். பிள்ளையை வள்ளத்தில் ஏற்றியதே தாகத்தில் கண்ட கனவோ, பிள்ளை திட்டிலேயே நின்றுவிட்டதோ என்று அவள் புலம்பிக்கொண்டு திரிந்தாளாம். ஒரு வள்ளக்காரனைக் கெஞ்சித் திட்டுக்கே திரும்பிப் போனாளாம். அதன்பிறகு அவளை யாரும் காணவில்லை. அங்கே அந்தச் சின்ன மேட்டையும் துடுப்பையும் அவள் கண்டாளா? அதுதான் என்னைத் தின்கிறது. அவளைத் தன் புத்தியையே நம்பாதவளாக ஆக்கினேன். இன்று உன்னையும்.

உன் பெயர் பவானி.

(கைநாட்டு)

*

சிதம்பரம்
30.3.2025

உங்கள் கடிதத்தை இளமதி அம்மாவின் அறையில் உட்கார்ந்துதான் முழுவதும் வாசித்தேன். வீட்டுக்காரருக்கும் சொல்லிவிட்டேன். அத்தைக்குச் சொல்லவில்லை.

என் கை இப்போது எங்கேயும் போவதில்லை. ஏன் போனது என்று அதற்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை குழந்தையைக் கொண்டு வந்துவிட்டார்கள். குளிப்பாட்டும்போது அத்தை கூடவே நிற்கிறார். நிற்கட்டும்.

குரல் நிற்கவில்லை. பெயர் தெளிவாகக் கேட்கிறது. நான் கதவைத் திறப்பதற்குள் போய்விடுகிறது.

உங்களிடம் ஒன்றுதான் கேட்க வேண்டும். எனக்கு அவள் முகம் இல்லை. அவள் என்ன நிறப் புடவை கட்டியிருந்தாள்?

*

கடலூர்
12.4.2025

மகளே,

பச்சை. இலைப் பச்சை. முந்தானையில் ஒரு சாண் கிழிந்திருந்தது. கிழித்தவள் அவள்தான். என் பிள்ளையின் நெற்றியில் நனைத்துப் போட அவளாகவே கிழித்துத் தந்தாள். மண்டபத்தில் என் வாசலில் வந்து நின்றபோதும் அதே புடவை, அதே கிழிசல். இதை நான் சொல்லாமல் விட்டது ஏன் என்று உனக்கு விளங்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முந்தாநாள் வியாழக்கிழமை மதியம் முகாம் வாசலில் வேப்பமரத்தடியில் இருந்தேன். அவள் வந்தாள். வயது ஏறவில்லை. "பவானி இருக்கிறாளோ அண்ணை?" என்று கேட்டாள். எழுந்து நின்றேன். "இருக்கிறாள் தங்கச்சி. சிதம்பரத்தில இருக்கிறாள். பஸ் ஸ்டாண்டில இறங்கி, ரெயில்வே கேட் தாண்டி, இடது கைப் பக்கம் ரெண்டாம் தெரு. வாசலில லோடு ஆட்டோ நிக்கும். கைப்பிள்ளைக்காரி" என்று சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

நாளைக்குக் குருத்து ஞாயிறு. நான் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். அது கோயிலுக்கு. உனக்கு இது.

(கைநாட்டு)

பாத்திமா மேரி எழுதுவது: நான் வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை தங்கச்சி. மாமா எழுந்து நின்று, கை நீட்டி வழி சொன்னதைப் பார்த்தேன்.

*

சிதம்பரம்
22.4.2025

அப்பாவுக்கு,

அப்பா என்று எழுதலாமா என்று நிறைய யோசித்தேன். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கால் எப்படி இருக்கிறது?

உங்களை மன்னித்தேனா என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வாருங்கள். மதியம் எங்களோடு இருங்கள். அன்றைக்குக் குழந்தைக்குப் பெயர் வைக்கிறோம். ஜெனிட்டா. "தாய் பேரையே புள்ளைக்கு எங்கியாச்சும் வைப்பாங்களா? ஒருத்திய கூப்புட்டா ரெண்டு பேரும் திரும்புவீங்க!" என்று அத்தை சிரிக்கிறார். ஒருத்திதான் திரும்புவாள் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் கடிதம் புதன்கிழமைதான் வந்தது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை நடந்ததை எழுதுகிறேன்.

மதியம் உள்ளே குழந்தைக்குப் பால் கலக்கிக்கொண்டிருந்தேன். அத்தை வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். யாரிடமோ பேசும் சத்தம் கேட்டது. காலிச் சொம்போடு உள்ளே வந்தார்.

"யாரோ ஒரு பொம்பள. பச்சப் பொடவ, முந்தானி ஒரு சாண் கிழிஞ்சி தொங்குது. பவானி இருக்குதான்னு கேட்டுச்சு. அப்பிடி யாரும் இங்க இல்லம்மா, வூடு மாறி வந்துட்டன்னு சொன்னேன். குடிக்கத் தண்ணி கேட்டுச்சு. ஒரே மூச்சுல ஒரு சொம்பையும் குடிச்சிட்டு அந்தாண்ட போவுது, பாரு."

குழந்தையை அத்தையிடம் கொடுக்கத் தோன்றவில்லை. தூக்கிக்கொண்டே ஓடினேன். செருப்பில்லை, தார் கொதித்தது. தெருவில் வெயிலைத் தவிர யாருமில்லை. முனையில் பச்சையாக எதுவோ திரும்பியது போல் இருந்தது. நடுத்தெருவில் நின்று, "ஓம்! ஓம்! இஞ்ச நிக்கிறன்!" என்று கத்தினேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பின்னால் ஓடிவந்த அத்தை, "அடியே, யாருக்குடி பதில் சொல்ற?" என்று என் தோளைப் பிடித்தார்.

குழந்தை மிரண்டுபோய் வீரிட்டு அழுதது. நான் அதன் வாயைப் பொத்தவில்லை. முனையைப் பார்த்து உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். அழட்டும், போகிறவளுக்குக் கேட்கட்டும் என்று நின்றேன்.

உங்கள் மகள்,
பவானி